வைர நானோகம்பி மின்முனையில் டைஅசோனியம் படலம் தடிக்கிறது, தடுப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. டிஎன்ஏ உணரிக்காக, போரான் கலந்த வைர நானோகம்பிகளில், டைஅசோனியம் உப்பை மின்னழுத்தத்தால் ஒடுக்கி, நைட்ரோஃபீனைல் தொகுதிகளை ஒட்டுகிறோம். மேற்பரப்பு ஹைட்ரஜன் பிளாஸ்மா கொடுத்தது. கரைசல்: 1 மில்லிமோலார் 4-நைட்ரோபென்சீன் டைஅசோனியம் டெட்ராஃப்ளூரோபோரேட், அசிட்டோநைட்ரைலில், 0.1 மோலார் டெட்ராபியூட்டைல் அம்மோனியம் உப்போடு. நைட்ரஜன் ஓட்டி, வெளிச்சம் படாமல், 5 சுற்று மின்னழுத்த ஸ்வீப். பிறகு 9:1 தண்ணீர்-எத்தனாலில் நைட்ரோவை அமீனாக ஒடுக்குகிறோம்.

சிக்கல் இதுதான். ஒட்டுவதற்கு முன் ஃபெரிசயனைடில் (மின்முனையில் எலக்ட்ரான் பரிமாற்றத்தைச் சோதிக்கும் எதிர்மின் அயனி) ஆக்சிஜனேற்ற, ஒடுக்கச் சிகரங்களின் இடைவெளி 70 மில்லிவோல்ட். ஒட்டிய பின் சிகரமே இல்லை. மின்னூட்ட விலக்கமாக இருக்குமோ என்று நேர்மின்னூட்டமுள்ள ரூத்தீனியம் ஹெக்சாமீனும் போட்டுப் பார்த்தாயிற்று, அதுவும் படுத்துவிட்டது. ஆக, படலம் பல அடுக்காகிவிட்டது என்றே தோன்றுகிறது. தட்டையான பரப்பில் ஒற்றை அடுக்குக்கு, நைட்ரோ அமீனாக ஆறு எலக்ட்ரான் என்ற கணக்கில், சதுர செ.மீ.க்கு சுமார் 700 மைக்ரோகூலோம்தான் வர வேண்டும். நமக்கு அதைப்போல் பல மடங்கு. கம்பிகளின் உண்மைப் பரப்பு தெரியாததால் அந்தக் கணக்கையும் முழுசாக நம்ப முடியவில்லை. மின்தேக்கத்திலிருந்து பரப்பைக் கணித்தவர்கள் இருந்தால், எந்த மின்னழுத்தத்தில் எடுத்தீர்கள்?

முக்கியக் கேள்வி: சுற்றை ஒன்றாகக் குறைப்பதா, டிபிபிஹெச் (தனியுறுப்புகளோடு வினைபுரிந்து அவற்றை அகற்றும் சேர்மம்) சேர்த்து, படலத்தைத் தடிக்கவைக்கும் தனியுறுப்புகளைப் பிடிப்பதா? பிந்தையதில் 2 மில்லிமோலார் போதுமா? ஹைட்ரஜன் முனையுள்ள வைரத்தில் மின்னழுத்தமே இல்லாமலும் தானாக ஒட்டும் என்பதால், கரைசலில் காத்திருக்கும் நேரத்தை எவ்வளவுக்குள் வைக்கிறீர்கள்?

சோனிகேட் செய்யச் சொல்லாதீர்கள், கம்பி ஒடிந்துவிடும். உலரும்போது நுனிகள் கட்டிக்கொள்வதைத் தவிர்க்க வழி தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.