‘வரிசை’ என்று பெயர் வைத்தேன், பிள்ளை கியூ என்று நினைத்துவிட்டாள்: கொள்கலன் பெயர்களுக்கு உதவி வேண்டும்

கேள்வி: உப்புவெளி

வணக்கம். பின்னேரங்களில் வீட்டு விறாந்தையில் எட்டுப் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லிக் கொடுக்கிறேன். ஆங்கிலச் சொற்களில் தடக்கி, கணக்கையே விட்டுவிடுகிறார்கள். அதனால் தமிழ்ச் சொற்களால் எழுதக்கூடிய சின்ன மொழி ஒன்றை ரஸ்ட் என்ற நிரல்மொழியில் செய்து வருகிறேன். மாறி, நிபந்தனை, சுற்று எல்லாம் ஓடுகிறது. பல பொருள்களைச் சேர்த்து வைக்கும் கொள்கலன் வகைகளில் வந்து சிக்கி நிற்கிறேன். நான் வைத்த பெயர்கள்: வேண்டிய அளவு வளரும் அணிக்கு ‘வரிசை’, சாவியைச் சொன்னால் அதற்குரியதை எடுத்துத் தரும் ஹாஷ் அட்டவணைக்கு ‘அகராதி’, ஒரு பொருள் இரண்டு முறை வராத கூட்டத்துக்குத் ‘தொடை’, ஒன்றன் மேல் ஒன்று வைப்பதற்கு ‘அடுக்கு’.

போன கிழமை ஒரு பிள்ளை, 2022இல் இலங்கையில் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது நின்ற கியூவை வைத்து நிரல் எழுதினாள். அவளுடைய அப்பா ஓட்டோ ஓட்டுபவர். அந்த நாட்களில் அவர் கியூவிலேயே நித்திரை கொண்டதை அவள் மறக்கவில்லை. 2 இலட்சம் வாகனங்களைச் சேர்த்துவிட்டு, முன்னால் நிற்பதை ஒவ்வொன்றாக எடுக்கிறாள்:

வாகனங்கள் = வரிசை()
வாகனங்கள்.சேர்(இலக்கம்)
முதலாவது = வாகனங்கள்.எடு(0)

நூறு வாகனத்துக்கு உடனே முடிந்தது. 2 இலட்சத்துக்கு, நான் தேத்தண்ணி ஊற்றி எடுத்து வரும்வரையும் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் என்ன பிழை விட்டாள் என்று தேடினேன், ஒன்றும் இல்லை.

இன்னும் மூன்று சிக்கல். ‘அகராதி’யில் உள்ளதை அச்சிட்டால் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒழுங்கு மாறி வருகிறது. இன்னொரு பிள்ளை பட்டியலை வெறுமையாக்க நினைத்து ‘காலி()’ என்று எழுதினான். அது வெறுமையா இல்லையா என்று பார்த்துச் சொல்கிற செயல், எதையும் அழிக்காது. அப்புறம், ஊர்களின் சனத்தொகையைப் போட்ட நிரலில் ‘தோப்பூர்’ இரண்டு தடவை வருகிறது. எழுத்தெழுத்தாகப் பார்த்தேன், இரண்டும் ஒன்றுதான்.

பெயரை மாற்றுவதா, வேலை செய்யும் முறையை மாற்றுவதா?

பதில்: மூதூர், இப்போது கொழும்பில் வேலை

அண்ணா, பிள்ளை எழுதியது சரி. வரிசை என்று சொன்னால் முன்னால் நிற்பவர் முதலில் போவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பெயரை நம்பி எழுதியிருக்கிறாள்.

உள்ளே நடப்பது இது. உங்கள் வரிசை உள்ளே ரஸ்டின் வளரும் அணியான வெக். பொருள்கள் நினைவகத்தில் இடைவெளி இல்லாமல் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். 0ஆவதை எடுத்தால் மிச்சம் எல்லாவற்றையும் ஒரு இடம் முன்னுக்குத் தள்ள வேண்டும். முதல் தடவை 199,999 நகர்வு, அடுத்த தடவை 199,998. எல்லாம் கூட்டினால் கிட்டத்தட்ட 2,000 கோடி.

இதற்கு ரஸ்டில் வெக்டெக் இருக்கிறது. அது தொடக்கம் எந்த இடத்தில், பொருள்கள் எத்தனை என்று இரண்டு குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, இடம் முடிந்தால் திரும்ப முதல் கட்டத்துக்கு வந்து எழுதும் வளையம். முன்னால் எடுப்பது என்றால் தொடக்கக் குறிப்பை ஒரு கட்டம் நகர்த்தி எண்ணிக்கையில் ஒன்றைக் குறைப்பது, அவ்வளவுதான். கியூவுக்குத் தனி வகை கொடுங்கள். அணிக்கு வேறு பெயர் வையுங்கள்.

கேட்டவர்: உப்புவெளி

நன்றி தம்பி. வளையம் விளங்கியது, இன்றைக்கே போடுகிறேன். அணிக்கு வேறு பெயர் என்றால், சி++ மொழியைப் போல வெக்டர் என்று வைத்து, அதைத் தமிழில் ‘காவி’ என்று சொல்லலாமா? உயர்தரக் கணிதத்தில் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல்தானே.

பதில்: கிண்ணியா, கணித ஆசிரியை

தம்பி, அதை மட்டும் செய்ய வேண்டாம். இருபது வருடமாகக் காவி படிப்பிக்கிறேன். காவிக்குப் பருமனும் திசையும் உண்டு. இரண்டு காவியைக் கூட்டினால் கூறு கூறாகக் கூட வேண்டும். உங்களுடைய கொள்கலனில் இரண்டைக் கூட்டினால் ஒன்றின் வாலில் மற்றது ஒட்டும். காலையில் என்னிடம் ஒன்றும் பின்னேரம் உங்களிடம் வேறொன்றும் படித்தால் பிள்ளை எதை நம்புவது? காவி என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்தது. இலத்தீனிலும் வெக்டர் என்றால் சுமந்து போகிறவர், நாங்களும் காவிக்கொண்டு போவது என்கிறோம். அந்தப் பொருத்தத்தைக் கணிதத்துக்கே விட்டுவிடுங்கள்.

பதில்: மூதூர், இப்போது கொழும்பில் வேலை

மிஸ் சொல்வதைப் பெயர் வைத்தவரே ஒத்துக்கொண்டிருக்கிறார். சி++இன் கொள்கலன் நூலகத்தை வடிவமைத்த அலெக்சாண்டர் ஸ்டெபனோவ், ஸ்கீம், கொமன் லிஸ்ப் என்ற முந்தைய நிரல்மொழிகளில் இருந்து வெக்டர் என்ற பெயரை எடுத்தார். கணிதத்தில் அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் இருக்கிறது, அரே என்றே வைத்திருக்க வேண்டும் என்று பிறகு எழுதினார். ஆனால் அதற்குள் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வரிகளில் அந்தப் பெயர் ஏறிவிட்டது.

அதே நூலகத்தில் மேப் என்றால் சாவிகளை ஒழுங்காக வைத்திருக்கும், கிளை கிளையாகப் பிரியும் ‘மரம்’ என்ற அமைப்பு. பின்னால் ஹாஷ் அட்டவணை வந்தபோது ஹாஷ் மேப் என்று வைக்க முடியவில்லை. நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கொம்பைலரைச் செய்பவர்கள் பலர் தங்கள் சொந்த நூலகத்தில் அந்தப் பெயரை முன்பே எடுத்திருந்தார்கள். அதனால் 2011 நியமத்தில் ‘ஒழுங்கில்லாத மேப்’ என்ற பொருளில் நீளமான பெயர் வந்தது. எல்லாரும் அதிகம் பாவிப்பதற்கு நீளப் பெயர், குறைவாகத் தேவைப்படுவதற்குக் குட்டிப் பெயர். ரஸ்ட் இதில் கவனமாக இருந்தது. 2015இல் முதலாம் பதிப்பு வருமுன்னரே பெயர்களைத் திருத்தினார்கள். வெக்டெக்கும் அதற்கு முதல் ரிங்பஃப். உங்களிடம் எட்டுப் பிள்ளைகள்தானே அண்ணா, இப்போதே மாற்றுங்கள். எண்ணூறு பேர் வந்தபிறகு முடியாது.

பதில்: மதுரை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். ‘தொடை’ என்று பார்த்ததும் எனக்குக் கால்தான் ஞாபகம் வந்தது. எங்கள் பாடநூலில் அது கணம். ‘அணி’யும் வேண்டாம். எங்களுக்குக் கணினிப் பாடத்தில் அரேவும் அணிதான், கணிதத்தில் மேட்ரிக்ஸும் அணிதான். இரண்டையும் ஒரே நிரலில் எழுதும்போது குழம்பிப் போவோம்.

பதில்: கிண்ணியா, கணித ஆசிரியை

எங்களுக்கு மேட்ரிக்ஸ் என்பது தாயம், அதனால் அந்தக் குழப்பம் இங்கே இல்லை. தொடையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தொடுத்தது தொடை. ஒன்றிப்பு, இடைவெட்டு, சூனியத் தொடை என்று பிள்ளைகளின் கொப்பியில் ஏற்கெனவே இருக்கிறது. இங்கே கணம் என்றால் ஒரு நொடிப்பொழுது என்றுதான் முதலில் எடுப்பார்கள். மதுரைத் தம்பிக்காகக் ‘கணம்’ என்று எழுதினாலும் ஓடுகிற மாதிரி மாற்றுப் பெயர் கொடுக்கலாம். ஆனால் நூலகத்தின் விளக்கக் குறிப்புகளில் ஒரு பெயர்தான் இருக்க வேண்டும்.

‘அகராதி’க்கு வருகிறேன். அகரம் ஆதியாக வருவது என்பதால்தான் அது அகராதி. அச்சிடும்போது அ, ஆ, இ என்று வராவிட்டால் அது அகராதி இல்லை. ஆங்கிலத்தில் டிக்ஷனரி என்ற சொல்லுக்குள் ஒழுங்கு பற்றி ஒன்றும் இல்லை, அதனால் ஹாஷ் அட்டவணையை டிக்ஷனரி என்று சொல்லும் பைதன் மொழிக்குப் பிரச்சினை இல்லை. தமிழில் அந்தச் சொல்லே ஒழுங்குக்கு வாக்குக் கொடுக்கிறது.

பெயரைச் சொன்னால் விபரம் வருகிற பொருள் எங்களிடம் என்ன இருக்கிறது? இடாப்பு. ஒவ்வொரு காலையும் இடாப்பு எடுத்துத்தான் வகுப்பைத் தொடங்குகிறேன். பெயர், அதற்கு நேரே வரவு. புதுப் பிள்ளை நடுவருடம் வந்தால் கடைசியில் எழுதுவேன், அடுத்த நாள் ஒழுங்கு மாறாது.

பதில்: மூதூர், இப்போது கொழும்பில் வேலை

மிஸ், இது அருமை. பைதனும் 3.7 பதிப்பிலிருந்து, 2018இல், சேர்த்த ஒழுங்கு மாறாது என்று உறுதி கொடுத்தது. அண்ணாவுடையது மாறுவதற்குக் காரணம், ரஸ்டின் ஹாஷ் அட்டவணையான ஹாஷ்மேப் ஒவ்வொரு ஓட்டத்திலும் எழுமாறாகப் புதிய திறவுகோல் எடுப்பது. யாரும் வேண்டுமென்றே மோதும் சாவிகளைக் கொட்டி அட்டவணையை முடக்கக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. உள்ளே, சேர்த்த ஒழுங்கைக் காக்கும் இன்டெக்ஸ்மேப்பைப் போட்டால் இடாப்பு என்ற பெயருக்கு நேர்மையாக நடக்கும்.

சாவிகளை ஒழுங்காக வைக்கும் மரத்துக்கு ‘அகராதி’யை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோட் நியமம் கொடுத்த எண்ணை வைத்து ஒழுங்குபடுத்தினால் தமிழ் அகரவரிசை வராது. யூனிகோடில் ள முந்தி, ழ பிந்தி. நமக்கு ழ முந்தி. ‘வழி’க்கு முன்னால் ‘வளி’ வந்து நிற்கும். ஒப்பிடும் விதியைத் தமிழுக்கென்று எழுத வேண்டும்.

தோப்பூரும் யூனிகோட் விவகாரம்தான். ‘தோ’வைத் தகரத்தோடு ஒரே குறியாக ‘ோ’ போட்டும் எழுதலாம், கொம்பு தனியாக அரவு தனியாக இரண்டு குறி போட்டும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, ஹாஷுக்கு வேறு. பிள்ளைகளில் ஒருவர் கைப்பேசியில் தட்டி அனுப்பியதை ஒட்டியிருப்பார். சாவி உள்ளே போகும்போதே என்எஃப்சி என்ற யூனிகோடின் ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். மாறிப் பெயர்களுக்கும் அதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஒரு நாள் ஒரே மாறி இரண்டாகப் பிரியும்.

கேட்டவர்: உப்புவெளி

தோப்பூர் ஒன்றாகிவிட்டது! நீங்கள் சொன்னதுபோல ஒன்று கைப்பேசியிலிருந்து வந்ததுதான்.

‘காலி()’ பற்றி யாராவது?

பதில்: மூதூர், இப்போது கொழும்பில் வேலை

சி++இலும் அதே கதை. எம்ப்டி என்றால் வெறுமையா என்று கேட்பதா, வெறுமையாக்கு என்று சொல்வதா தெரியாது. 2020 நியமத்தில், விடையைப் பாவிக்காமல் விட்டால் கொம்பைலர் எச்சரிக்கும்படி அதற்குக் குறி போட்டார்கள். ரூபி மொழி பெயரின் கடைசியில் கேள்விக்குறி போடுகிறது, ஜாவாவும் ஸ்விஃப்டும் ‘இஸ்’ சேர்க்கின்றன.

நமக்கு ஆகாரம் இருக்கிறதே அண்ணா! காலியா(), உண்டா("மூதூர்"). கேட்டால் ஆ, செய்யச் சொன்னால் ஏவல்: காலியாக்கு(), சேர்(), நீக்கு(). நீளமா அளவா என்று யோசிக்கவும் தேவையில்லை, எத்தனை() என்று வையுங்கள்.

பதில்: கிண்ணியா, கணித ஆசிரியை

எச்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘ஒழுங்காக்கு()’ என்றால் இருக்கிறதையே மாற்றுவது. ‘ஒழுங்காக்கிய()’ என்றால் மாற்றிய புதியது ஒன்று கைக்கு வரும். இதை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளக்கத் தேவையில்லை, வீட்டில் பேசுகிற தமிழ்.

கேட்டவர்: உப்புவெளி

ஞாயிறு முழுக்க இருந்து மாற்றினேன். வளரும் அணி இப்போது ‘பட்டியல்’. நீளம் மாறாத அணிக்கு ‘நிரை’ என்று தனியாக ஒன்று வைத்தேன். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழின் வெப்பநிலையை அதில் போடச் சொன்னேன். ஒரு பிள்ளை எட்டாவதைச் சேர்க்கப் பார்த்தான், மொழி மறுத்தது, ஏன் என்று அவனே மற்றவர்களுக்குச் சொன்னான். ஹாஷ் அட்டவணை ‘இடாப்பு’, மரம் ‘அகராதி’, மற்றது ‘தொடை’, கணம் என்று எழுதினாலும் ஏற்கும். ‘அடுக்கு’ அப்படியே. தயிர்ச்சட்டி அடுக்கில் நடுச் சட்டியை உருவ முடியாததுபோல, நடுவில் கைவைக்கும் செயல்கள் எதையும் கொடுக்கவில்லை. ஜாவாவின் அடுக்கான ஸ்டாக், வெக்டர் என்ற அதன் வளரும் அணியிலிருந்து பிறந்ததால் நடுவிலும் செருகலாம் என்று வாசித்தேன். அந்தத் தவறு வேண்டாம்.

கியூவுக்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல் தேடிப் பார்த்தேன். பிறகு பிள்ளைகளிடமே கேட்டேன். எட்டுப் பேரும் ‘கியூ’ என்றார்கள். அதுதான் பெயர்.

‘வரிசை’யை முழுவதும் எடுத்துவிட்டேன். பழைய நிரலில் அது வந்தால் இந்தச் செய்தி வரும்: “வரிசை என்று ஒரு வகை இப்போது இல்லை. முன்னால் இருந்து எடுப்பதென்றால் கியூ(), எந்த இடத்திலும் பார்ப்பதென்றால் பட்டியல்().”

பெற்றோல் நிரலில் இரண்டு சொல்லை மாற்றினாள், வரிசை() இருந்த இடத்தில் கியூ() என்றும், எடு(0) இருந்த இடத்தில் முன்னெடு() என்றும் போட்டாள். 2 இலட்சமும் கண் இமைக்குமுன் முடிந்தது. “அப்பாவுக்குக் காட்டவா?” என்று கேட்டு, மடிக்கணினியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.