தரவுத்தளப் பிரதி இரவில் மணிக்கணக்காகப் பின்தங்குகிறது: உதவி தேவை

நள்ளிரவுப்பணி:
வணக்கம். முதன்மைத் தரவுத்தளத்தில் நிகழும் மாற்றங்கள், அறிக்கைகளுக்கான இரண்டாவது தரவுத்தளத்தைச் சில விநாடிகளில் சென்றடையுமாறு ரெப்ளிகேஷன் அமைத்திருக்கிறேன். பகலில் எல்லாம் சரியாகவே நடக்கிறது. இரவில் மட்டும் பின்தங்கிவிடுவதால், காலையில் அறிக்கை எடுப்பவர்களுக்கு முந்தைய நாளின் நிலையே தெரிகிறது. நெட்வொர்க்கில் குறையில்லை. விரைவில் வழி சொல்லுங்கள்.

பதிவேடு:
எந்தத் தரவுத்தளம், எந்தப் பதிப்பு, லாஜிக்கல் ரெப்ளிகேஷனா (வரிகளின் மாற்றங்களை அனுப்புவது) ஃபிசிக்கலா (சேமிப்பை அப்படியே நகலெடுப்பது), இரவில் என்ன வேலை ஓடுகிறது? இவை தெரியாமல் ஊகிக்கத்தான் முடியும்.

வட்டுக்காவலன்:
இரவு என்றாலே பேக்கப்தான். அது வட்டைப் பிடித்துக்கொள்வதால் மற்றவை காத்திருக்கின்றன. பேக்கப் நேரத்தை மாற்றிப் பாருங்கள்.

மூத்தபயனர்:
ஆவணத்தை ஒருமுறை பொறுமையாக வாசித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. நீங்கள் பயன்படுத்துவது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள், அதுவும் லாஜிக்கல் முறை என்றே வைத்துக்கொள்கிறேன். ஒரு டிரான்சாக்ஷன் (ஒன்றாகவே நிறைவேறும் மாற்றங்களின் தொகுப்பு) கமிட் ஆகும்வரை, அதாவது உறுதியாகும்வரை, அதன் மாற்றங்கள் மறுமுனைக்கு அனுப்பப்படுவதில்லை. 14ஆம் பதிப்பில் வந்த, கமிட்டுக்கு முன்பே மாற்றங்களை அனுப்பும் ஸ்ட்ரீமிங் வசதியை இயக்குங்கள், முடிந்தது.

நள்ளிரவுப்பணி:
போஸ்ட்கிரெஸ் 15, லாஜிக்கல். இரவில் ஒரு வேலை, பல லட்சம் வரிகள் கொண்ட ஓர் அட்டவணையின் நிலைக் குறியீட்டை மாற்றி எழுதும். ஸ்ட்ரீமிங்கை இயக்கியும் பயனில்லை. பேக்கப் வேறு நேரத்தில்தான் ஓடுகிறது.

பதிவேடு:
15ஆம் பதிப்பில் ஸ்ட்ரீமிங்கை இயக்கினாலும், பெறும் பக்கம் வந்த மாற்றங்களைத் தற்காலிகக் கோப்பில் வைத்திருந்து கமிட்டுக்குப் பிறகே எழுதத் தொடங்கும். அனுப்புவது முந்துமே தவிர எழுதுவது வேகமாகாது. இணையாக எழுதும் வசதி 16இல்தான் வந்தது. இப்போது சொல்லுங்கள்: அந்த அட்டவணைக்குப் பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் நெடுவரிசை) உண்டா? பெறும் சர்வரில் ஒரே ஒரு சிபியு கோர் மட்டும் முழுவீச்சில் ஓடுகிறதா?

நள்ளிரவுப்பணி:
ஆம், ஒரு கோர் மட்டும்தான். பிரைமரி கீ கிடையாது. தொடக்கத்தில் அப்டேட் செய்தபோது பிழை வந்தது. மாறும் வரியை மறுமுனை எப்படி அடையாளம் காண வேண்டும் என்று சொல்லும் ரெப்ளிகா ஐடென்டிட்டியை ஃபுல் என்று மாற்றியதும் மறைந்துவிட்டது. அதனால்தான் அதை இங்கே குறிப்பிடவில்லை.

பதிவேடு:
காரணம் அதுதான். ஃபுல் என்றால் பழைய வரியின் எல்லா மதிப்புகளும் அனுப்பப்படும்; பெறும் பக்கம் பிரைமரி கீயோ ரெப்ளிகா ஐடென்டிட்டி இன்டெக்ஸோ (வரியை விரைவில் கண்டுபிடிக்க உதவும் குறிப்பு) இல்லாவிட்டால், ஒவ்வொரு வரியையும் கண்டுபிடிக்க அட்டவணையை முதலிலிருந்து தேடிக்கொண்டு போகும். ஐந்து லட்சம் வரிகள் மாறினால் ஐந்து லட்சம் தேடல்கள், அதுவும் ஒரே புராசஸில். பகலில் நடப்பது பெரும்பாலும் புதிய வரியைச் சேர்க்கும் இன்சர்ட்டாக இருக்கும்; அதற்கு எதையும் தேட வேண்டியதில்லை என்பதால் பகலில் உங்களுக்கு எதுவும் தெரியவில்லை. 16ஆம் பதிப்பில் பெறும் பக்கத்தில் தகுந்த சாதாரண பி-ட்ரீ இன்டெக்ஸ் இருந்தாலும் போதும், 15இல் போதாது.

இரட்டைப்பேனா:
இவ்வளவு சிக்கல் எதற்கு? செயலியே இரண்டு தரவுத்தளங்களிலும் எழுதிவிட்டால் ரெப்ளிகேஷனே வேண்டாமே.

வட்டுக்காவலன்:
ஒன்றில் கமிட் ஆகி மற்றொன்றில் தோற்றால் என்ன செய்வீர்கள்?

இரட்டைப்பேனா:
மறுமுயற்சி செய்யலாம்.

வட்டுக்காவலன்:
மறுமுயற்சிக்கு முன்பே செயலி நின்றுபோனால் எது விடுபட்டது என்பதற்குப் பதிவே இருக்காது. அதோடு, ஒரே வரியை இருவர் மாற்றும்போது முதல் தரவுத்தளத்தில் ஒருவரும் இரண்டாவதில் மற்றவரும் கடைசியாக எழுதிவிடலாம். கமிட் வரிசையை, தரவுத்தளம் தன் மாற்றங்களை எழுதிவைக்கும் பதிவுக் கோப்பு ஒன்றே அறியும்.

இரட்டைப்பேனா:
எங்களுக்கு இதுவரை அப்படி நேர்ந்ததில்லை.

மூத்தபயனர்:
இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்தான் அப்படிச் சொல்லலாம்.

பதிவேடு:
கேட்டவருக்குச் செய்முறை. ஒரே மதிப்பு இரண்டு வரிகளில் வராத, வெற்று மதிப்பு இல்லாத நெடுவரிசை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சப்ஸ்கிரிப்ஷனை (மாற்றங்களைப் பெறும் இணைப்பை) நிறுத்திவிட்டு, பெறும் பக்கத்தில் அதையே பிரைமரி கீ ஆக்கி, மீண்டும் இயக்குங்கள். பாதியில் நின்ற டிரான்சாக்ஷன் முதலிலிருந்து எழுதப்படும், எதுவும் தொலையாது. பிறகு முதன்மைப் பக்கத்தில், வேலை ஓடாத நேரத்தில், எழுதுவதைத் தடுக்காத கன்கரன்ட்லி முறையில் யூனிக் இன்டெக்ஸ் கட்டி, அதைப் பிரைமரி கீயாக இணைத்து, ரெப்ளிகா ஐடென்டிட்டியை, பிரைமரி கீயைப் பயன்படுத்தும் டிஃபால்ட்டுக்குத் திருப்பிவிடுங்கள். இதற்கிடையே முதன்மைச் சர்வரின் வட்டிலும் ஒரு கண் இருக்கட்டும்: மறுமுனை பெற்றுக்கொள்ளாத பதிவுகளை ரெப்ளிகேஷன் ஸ்லாட் (மறுமுனை எதுவரை பெற்றது என்று முதன்மைச் சர்வர் வைத்திருக்கும் குறிப்பு) அழிக்க விடாது, வரம்பு ஏதும் அமைக்காவிட்டால் வட்டு நிறையும்வரை அவை சேர்ந்துகொண்டே போகும். வரம்பு அமைப்பதிலும் ஆபத்து உண்டு. அதைத் தாண்டினால் ஸ்லாட் செல்லாததாகி, முழுப் பிரதியையும் மறுபடி எடுக்க நேரிடும்.

நள்ளிரவுப்பணி:
இரு பக்கமும் பிரைமரி கீ சேர்த்தாயிற்று. நேற்றிரவு தாமதம் இல்லை. நன்றி.

பதிவேடு:
மகிழ்ச்சி. சோதனைக்காக உருவாக்கிய பழைய ஸ்லாட் ஏதேனும் பயனின்றி நிற்கிறதா என்று பார்த்தீர்களா?

வட்டுக்காவலன்:
அந்த வேலை எல்லா வரிகளையும் ஒரே டிரான்சாக்ஷனில்தான் மாற்றுகிறதா என்பதையும் சொல்லுங்கள்.