ரெவிட்டில் தூண் வைத்தால் தெரியவில்லை, அவசரம்

வளவுக்காரன்:
வணக்கம். பல வருஷமாக ஆட்டோகேடில்தான் வேலை. இப்போது ஆபீஸில் ரெவிட்டுக்கு, அதாவது கட்டடத்தை 3டி மாதிரியாக உருவாக்கும் மென்பொருளுக்கு, மாறச் சொல்லிவிட்டார்கள். செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீடு, முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு (இரண்டாம் முற்றப் பகுதி) வரை சுவர் எழுப்பியாகிவிட்டது. வளவு எனும் நடு முற்றத்தைச் சுற்றி மரத்தூண் வைக்கப் போனால் கிளிக் செய்ததும் கீழே வலது மூலையில் மஞ்சள் பெட்டி வருகிறது, தூண் வரவில்லை. மறுபடி கிளிக் செய்தால் அதே இடத்தில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்கிறது. லேயர் ஆஃப் ஆகியிருக்குமோ என்று பார்த்தால் லேயர் என்ற சங்கதியே இதில் இல்லை. நாளைக் காலையில் வீட்டுக்கார ஆச்சியிடம் பிளான் காட்டியாக வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

புதுவயல் சிவில்:
அண்ணே, எந்த வெர்ஷன்? எந்த டெம்ப்ளேட்டில் ஆரம்பித்தீர்கள்? மஞ்சள் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது? வெர்ஷனைச் சொல்லாமல் ஃபைலை அனுப்பிவிடாதீர்கள். புதிய ரெவிட்டில் சேமித்ததைப் பழைய ரெவிட்டில் திறக்க முடியாது.

தேவகோட்டை ராம்:
கிராஃபிக்ஸ் கார்டு. நூற்றுக்கு நூறு அதுதான். ஆப்ஷன்ஸில் போய் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனை அணைத்துவிட்டு ரெவிட்டை மூடித் திறங்கள். எனக்கு இப்படித்தான் பாதிச் சுவர் காணாமல் போனது.

கோடும் கட்டையும்:
கார்டாக இருந்தால் சுவரும் போயிருக்கும். இது வியூ ரேஞ்ச், அதாவது பிளானில் எந்த உயரத்திலிருந்து எந்த உயரம் வரை தெரியும் என்ற எல்லை. மெட்ரிக் டெம்ப்ளேட்டில் பிளான் 1200 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டிக் காட்டும். நீங்கள் வைத்தது அந்த எல்லைக்கு வெளியே போயிருந்தால் தெரியாது. ப்ராப்பர்ட்டீஸில் வியூ ரேஞ்சைத் திறந்து பாருங்கள்.

பிம் ஆசான்:
வாரத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறீர்கள். லேயரைத் தேடுகிறேன் என்று எழுதும்போதே தெரிகிறது, இன்னும் ஆட்டோகேட் புத்தி போகவில்லை. ஆட்டோகேட் 1982-இல் வந்தது, வரைபலகையில் செய்ததைத் திரையில் செய்ய வைத்தது. ரெவிட் வேறு ஆட்கள் வேறு எண்ணத்தோடு உருவாக்கியது. ஆட்டோடெஸ்க் அதை வாங்கியதே 2002-இல்தான். இங்கே கோடு கிடையாது, பொருள்தான் உண்டு. சுவர் ஒரு வகை, தூண் ஒரு வகை, எதைக் காட்டுவது என்பதை வகையை வைத்து வியூ முடிவு செய்யும். அடிப்படையைப் படிக்காமல் வேலையில் இறங்கினால் மஞ்சள் பெட்டிதான் வரும். முதலில் விவி தட்டிப் பாருங்கள், வியூவில் எந்த வகை தெரிய வேண்டும் என்ற பட்டியல் வரும். அதில் காலம்ஸ் (சாதாரணத் தூண்கள்) தனி, ஸ்ட்ரக்சுரல் காலம்ஸ் (சுமை தாங்கும் தூண்கள்) தனி. ஒன்றில் டிக் இல்லாமல் இருக்கும்.

வளவுக்காரன்:
விவி பார்த்தேன், இரண்டிலும் டிக் இருக்கிறது. பெட்டியில் இருப்பது, உருவாக்கிய எதுவும் இந்த பிளான் வியூவில் தெரியவில்லை, வியூவையும் அதன் செட்டிங்குகளையும் பார் என்று. ஹார்ட்வேர் அணைத்தும் பார்த்தாயிற்று.

பள்ளத்தூர் தச்சன்:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். சுவர் போட்டாயிற்று என்கிறீர்கள், எப்படிப் போட்டீர்கள்? அளந்தபடியா, நேராக்கியா? இந்த வீடுகளில் வளவின் இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக வந்து நான் பார்த்ததில்லை.

பிம் ஆசான்:
எல்லாவற்றையும் 90 டிகிரிக்கு இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆஃப் ஆக்சிஸ் (அச்சிலிருந்து சற்று விலகியிருக்கிறது) என்று எச்சரிக்கை குவியும், பிறகு டைமென்ஷன் ஒட்டாது, ஜாயின் உடையும். ஒரு அங்குலச் சாய்வை ஆச்சி நாளைக்கு ஸ்கேல் வைத்துப் பார்க்கப் போவதில்லை.

பள்ளத்தூர் தச்சன்:
அது புதுக் கட்டடத்துக்குச் சரி. இது அளவெடுத்து வரைவது, உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இலேயே யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தாயிற்று. இந்த வீடுகளுக்கு நாளைக்கு எஞ்சப்போகும் சாட்சி இந்த வரைபடம்தான். வளவை நீங்கள் சதுரமாக்கிக் காட்டினால் அதை நம்பி ஒருவர் விட்டத்துக்கு மரம் அறுப்பார். ஒரு முனையில் இரண்டு விரற்கடை குறையும். பர்மா தேக்கில் அந்தக் குறையை ஒட்டுப்போட்டு மறைத்த வேலையை என் கையால் பிரித்திருக்கிறேன். மரம் வீண், பணம் வீண்.

கோடும் கட்டையும்:
தச்சன் சொல்வது சரி. எச்சரிக்கை வந்தால் வரட்டும். ரெவிட் எச்சரிப்பது கோணம் நேருக்கு மிக அருகில் வந்தும் நேராக இல்லாதபோதுதான். சுவர் உண்மையிலேயே ஒரு டிகிரி, இரண்டு டிகிரி சாய்ந்திருந்தால் அது பேசாமல் ஏற்றுக்கொள்ளும். மயிரிழைச் சாய்வு அளவெடுத்தபோது வந்ததாகவும் இருக்கலாம், அளக்கும் டேப் தொய்ந்தாலே வரும். அதை மட்டும் நேராக்குங்கள். மற்றதில் கைவைக்க வேண்டாம்.

பிம் ஆசான்:
அப்படியென்றால் அந்த வீட்டை ஆட்டோகேடிலேயே வரைந்துவிட்டுப் போகலாமே. ரெவிட் எதற்கு?

பள்ளத்தூர் தச்சன்:
எதற்கா? முகப்புத் திண்ணை ஒரு மட்டம், பட்டாலை எனும் உள் மேடை ஒரு மட்டம், வளவு வாசல் இறங்கி இருக்கும், இரண்டாம் கட்டு வேறொரு மட்டம். இத்தனையும் வெட்டுத்தோற்றத்தில் தானாக வந்து நிற்கும், ஒன்றை மாற்றினால் எல்லாத் தாளிலும் மாறும். அதற்குத்தான் ரெவிட். பழைய வீட்டுக்குத்தான் அது புதுக் கட்டடத்தைவிட அதிகம் உதவும். சோம்பல்பட்டு நேராக்கிவிட்டு மென்பொருள்மேல் பழி போடக் கூடாது.

தேவகோட்டை ராம்:
கார்டு டிரைவரையும் ஒருமுறை அப்டேட் செய்து பாருங்கள்.

நெற்குப்பை மீனா:
இதையெல்லாம் பிறகு பேசுவோம், கேட்டவருக்கு நேரமில்லை. அண்ணே, இரண்டு கேள்விதான். எந்த டேபிலிருந்து தூண் எடுத்தீர்கள், ஆர்க்கிடெக்சரல் காலமா, ஸ்ட்ரக்சுரல் காலமா? 3டி வியூவில் தூண் தெரிகிறதா?

வளவுக்காரன்:
ஸ்ட்ரக்சுரல். 3டியில் இருக்கிறது! ஆனால் தரைக்குக் கீழே தொங்குகிறது.

நெற்குப்பை மீனா:
அவ்வளவுதான், கிடைத்துவிட்டது. ஸ்ட்ரக்சுரல் காலம் எடுத்ததும் மேலே ஆப்ஷன்ஸ் பாரில் டெப்த் என்று இருக்கும். அதை யாரும் கவனிப்பதில்லை. டெப்த் என்றால் நீங்கள் நிற்கும் லெவலிலிருந்து தூண் கீழே இறங்கும். அந்த லெவலைத் தாங்கும் தூண் அதற்குக் கீழேதானே இருக்க வேண்டும், ஸ்ட்ரக்சர் ஆட்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். அதனால் அவர்களுக்கு இது வசதி. நமக்குத் தூண் தரையிலிருந்து மேலே போக வேண்டும், எனவே அதை ஹைட் என்று மாற்றி, பக்கத்தில் லெவல் 2 தேர்ந்தெடுத்துவிட்டு வையுங்கள்.

ஏற்கெனவே வைத்ததை அழிக்க வேண்டாம். 3டியில் ஒரு தூணைப் பிடித்து ரைட் கிளிக், செலக்ட் ஆல் இன்ஸ்டன்சஸ். ப்ராப்பர்ட்டீஸில் முதலில் டாப் லெவலை லெவல் 2 ஆக்குங்கள், அப்புறம் பேஸ் ஆஃப்செட்டை (தூணின் அடி லெவலிலிருந்து விலகும் அளவை)ப் பூஜ்யமாக்குங்கள். இந்த வரிசை முக்கியம். ஆஃப்செட்டை முதலில் மாற்றினால் தூணின் தலையும் காலும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும், உயரமில்லாத தூணை ரெவிட் ஏற்காது. மேலே விட்டம் லெவல் 2-க்குக் கீழே இருந்தால் டாப் ஆஃப்செட்டில் அந்த அளவை மைனஸில் கொடுங்கள். இரண்டு முறை கிளிக் செய்த இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தூண் நிற்கும், ஒன்றை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பட்டியலில் எண்ணிக்கை கூடும்.

பிம் ஆசான்:
முதல் கேள்வியிலேயே ஸ்ட்ரக்சுரல் என்று எழுதியிருந்தால் முதல் பதிலிலேயே நானே சொல்லியிருப்பேன்.

புதுவயல் சிவில்:
வெர்ஷனை இன்னும் சொல்லவில்லை அண்ணே.

வளவுக்காரன்:
வந்துவிட்டது. ஹைட் மாற்றியதும் எல்லாத் தூணும் நின்றுவிட்டது. நன்றி மீனா. தூணின் விட்டம் எப்படி எடுப்பது? கடைசல் தூண், காலிபர் கைவசம் இல்லை.

பள்ளத்தூர் தச்சன்:
நூலைச் சுற்றிச் சுற்றளவு எடுத்து 3.14-ஆல் வகுங்கள். அடியில், நடுவில், போதிகைக்கு (தூணின் தலைக்கட்டைக்கு)க் கீழே என்று மூன்று இடத்தில் எடுங்கள், மூன்றும் வேறுவேறாக வரும். அடியில் இருக்கும் கல்லைத் தூணோடு சேர்க்காதீர்கள், தனியாக வரையுங்கள். மரம் செல்லரித்து மாற்றினாலும் கல் அப்படியே இருக்கும்.

கோடும் கட்டையும்:
அப்புறம், சுவர் உச்சியில் இருக்கும் காற்றுச் சன்னல்கள் பிளானில் தெரியாது, பதறி இன்னொரு இழை ஆரம்பிக்க வேண்டாம். அவை வெட்டும் மட்டத்துக்கு மேலே இருக்கின்றன. வியூ டேபில் பிளான் வியூஸுக்குள் பிளான் ரீஜன் இருக்கிறது. அந்தச் சன்னல் இருக்கும் பகுதியை மட்டும் சுற்றிக் கட்டம் போட்டு, அதற்குத் தனி வியூ ரேஞ்ச் கொடுங்கள். முழு பிளானின் வெட்டு மட்டத்தையும் உயர்த்தினால் கீழ்ச் சன்னல்களின் வெட்டு போய்விடும்.

பள்ளத்தூர் தச்சன்:
சுவர் எப்படிப் போட்டீர்கள் என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை தம்பி. ஆச்சியிடம் காட்டுவதற்கு முன் மூலைவிட்டம் இரண்டையும் ரெவிட்டில் அளந்து, கைக்குறிப்போடு ஒப்பிட்டுவிடுங்கள்.