கார்ஜ் = ஆற்றுவிடர்? (பள்ளத்தாக்கை விட்டுவிடலாம்)

நண்பர்களுக்கு வணக்கம்.

கார்ஜ் (gorge), அதாவது ஆறு அறுத்த, செங்குத்துச் சுவருள்ள குறுகிய பள்ளம், இதற்குத் தமிழில் என்ன சொல் என்று மூன்று நாளாக ஓடும் இந்த இழையைத் தொகுத்து, 'மலையிடுக்கு' என்ற சொல்லுக்கு ஆதரவாக ஒரு மடல் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதி வரும்போது நானே கட்சி மாறிவிட்டேன்.

நடுவில் வந்தவர்களுக்கு: கட்டுரை, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பாராபூ குன்றுகளில் உள்ள பார்ஃப்ரிஸ் கிளென் பற்றியது (கிளென் என்றால் சிறிய, குறுகலான பள்ளத்தாக்கு). ஓர் ஓடை மணற்கல்லை அறுத்துக்கொண்டே கீழே இறங்கியதில், இரண்டு பக்கமும் பாறை சுமார் 100 அடி உயரத்துக்குச் சுவராக நிற்கிறது. உள்ளே பாசியும் பெரணியும், வெயில் காலத்திலும் குளிர்ச்சி. கோடியில் ஒரு சின்ன அருவி. அந்த மாநிலம் 1952இல் முதன்முதலாக இயற்கைக் காப்பிடமாக அறிவித்தது இதைத்தான்.

முதல் வரைவில் 'குறுகிய பள்ளத்தாக்கு' என்று போட்டிருந்தேன். தண்டையார்பேட்டையில் மாலை டியூஷனுக்கு வரும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டினேன். பள்ளத்தாக்கு என்றதும் ஊட்டி, தேயிலை, மேகம் என்று போய்விட்டார்கள். 'குறுகிய' என்பது யார் காதிலும் விழவில்லை. "அப்படி இல்லைப்பா, ரெண்டு பக்கமும் செங்குத்தா சுவர், நடுவுல தண்ணி" என்றேன். ஒரு பையன், "அப்ப நம்ம பக்கிங்காம் கால்வாய் மாதிரியா சார்?" என்றான். சிரித்துவிட்டேன், ஆனால் வடிவத்தைச் சரியாகப் பிடித்துவிட்டான். கால்வாய் ஆள் வைத்து வெட்டியது, இது தண்ணீர் தானே வெட்டிக்கொண்டது. அந்த ஒரு வித்தியாசம் சொல்லிலேயே தெரிந்துவிட்டால் பாதி விளக்கம் மிச்சம்.

> மலையிடுக்கு என்றே இருக்கட்டும். பாடநூலில் உள்ள சொல், எதற்கு வம்பு?

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இரண்டு மலைக்கு நடுவே இருக்கும் எந்தச் சந்தும் இடுக்குதான். கணவாயோடு போய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் இதில் எங்கேயும் இல்லை.

> கொடைக்கானல் பக்கம் வெள்ளகெவி என்று ஊரே இருக்கிறது. 'கெவி' வழக்கில் உள்ள சொல்.

எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரை. இதற்குப் பெரம்பூர் அம்மா ஒரே வரியில் பதில் எழுதிவிட்டார்: "எங்கள் தெருவில் கெபி என்றால் மாதா கெபி, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவோம்." லூர்து மாதா கோயில் இருக்கும் ஊர்க்காரரிடம் இதற்கு மேல் வாதாட முடியாது. கெபியும் கெவியும் ஒரே சொல்தான். குகை என்ற பொருள் அதில் ஆழமாக ஊறிவிட்டது.

> வீட்டில் தெலுங்கு பேசுகிறவன் என்ற முறையில் 'கண்டி'யை முன்மொழிகிறேன். கண்டிகோட்டை நினைவிருக்கிறதா?

கொருக்குப்பேட்டை அண்ணா சொல்வது நியாயம். கடப்பை மாவட்டத்தில் வடபெண்ணை ஆறு எர்ரமலைக் குன்றுகளை அறுத்துப் போகும் இடத்தில்தான் அந்தக் கோட்டை நிற்கிறது; பெயரிலேயே கண்டி இருக்கிறது. ஏரிக்கரை உடைந்தாலும் தெலுங்கில் கண்டிதான், அதாவது தண்ணீர் உடைத்த வழி. பொருள் அச்சு அசலாகப் பொருந்துகிறது. ஆனால் தமிழில் கண்டி என்று எழுதினால், நம் குழுவின் ஈழத்து நண்பர்கள் உட்பட எல்லாரும் இலங்கைக்குப் போய்விடுவார்கள்.

மிச்சம் 'விடர்'. மலைப்பிளவுக்குப் பழைய சொல். குறுந்தொகையில் 'விடர்முகை' வருகிறது. இரண்டே எழுத்துக்கு மேல் ஒன்று, முன்னும் பின்னும் எதை ஒட்டினாலும் நிற்கும். இதற்கு வந்த மறுப்புகள் இரண்டு. விடன் (பெண்பித்தன்) என்பதன் பன்மையும் விடர் என்பது ஒன்று (திருவொற்றியூர் ஐயா இதைச் சொல்லாமல் விட்டிருந்தால்தான் ஆச்சரியம்). 'மணற்கல் விடர்' என்று தலைப்பு வைத்தால் பழைய நாடகத்து மைனர்கள் வரிசையாக நிற்பார்கள் என்கிறார். மற்றது, விடர் என்றால் வெடிப்பு மட்டுமே, நீர் அறுத்தது என்ற பொருள் கிடையாது.

முன்னே 'ஆற்று' சேர்த்தால் இரண்டு சிக்கலும் ஒன்றாகத் தீர்கிறது: ஆற்றுவிடர். மைனர்களும் போனார்கள், தண்ணீரும் வந்தது. கிளென் போன்ற சிறியதற்கு ஓடைவிடர். நம் கட்டுரைக்கு 'மணற்கல் ஓடைவிடர்'. பையனிடம் சொல்லிப் பார்த்தேன், "ஓடை வெட்டினதா?" என்று கேட்டான். எனக்கு அது போதும்.

மற்றவை சுருக்கமாக. நீர்வீழ்ச்சி வேண்டாம், அருவி இருக்கிறது. காப்பகம் என்றால் நம் பக்கம் பிள்ளைகள் விடுதி, காப்புக்காடு வனத்துறையின் சொல், எனவே காப்பிடம். டிரெயிலுக்கு (trail, காட்டுக்குள் நடந்துபோகும் வழி) 'நடைபாதை' கூடவே கூடாது. எம்.சி. ரோடு பக்கம் நடைபாதை என்றால் நைட்டியும் துண்டும் விரித்திருக்கும் பிளாட்பாரம். பார்ஃப்ரிஸ் கிளென்னிலோ வெள்ளம் வந்து விடருக்குள் போட்டிருந்த பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. இப்போது கடைசிப் பகுதியில் ஓடைக் கல் மேல் கால் வைத்துத்தான் போகவேண்டும். அதனால் 'நடைத்தடம்'. தடம் என்றால் பஸ் ரூட் என்பவர்களுக்கு: 'நடை' முன்னே நிற்கிறது, குழப்பம் வராது.

மறுப்பு இருந்தால் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் இப்படியே ஏற்றிவிடுகிறேன்.

பி.கு.: ஒரு சொல் இன்னும் பாக்கி. அந்தச் சுவரில் சுமார் 50 கோடி ஆண்டுப் பழைய மணற்கல்லுக்குள், அதைவிட 100 கோடி ஆண்டுக்கு மேல் மூத்த குவார்ட்சைட் (மணற்கல் இறுகி மாறிய கடினப் பாறை) கற்கள் உருண்டை உருண்டையாகப் பதிந்திருக்கின்றன, கடலை மிட்டாயில் கடலை போல. இந்த மாதிரிப் பாறைக்கு 'உருள்திரள்' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார். பொருள் சரி, வாயில்தான் உருள மாட்டேன் என்கிறது. வேறு ஏதாவது தோன்றினால் தனி இழையாகத் தொடங்குங்கள்.