‘உள்ளேன் ஐயா’ சொல்ல முடியாத பிள்ளை

குழு: பாளையங்கோட்டை வீடு
சனிக்கிழமை

இரவு 8.05 – நான்
அனைவருக்கும் வணக்கம். ஒரு வாரமாக மனத்துக்குள் வைத்திருந்ததை இன்று எழுதிவிடுகிறேன்; நீளமாக இருந்தாலும் பொறுமையாகப் படியுங்கள். ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்குப் பேச்சுத் திக்கும் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது அவன் பெயர் வந்தால் ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்ல வேண்டும். அவன் ‘உ’ என்ற எழுத்திலேயே நின்றுவிடுகிறான். பின்வரிசையில் இருக்கும் மூன்று பேர் அந்த எழுத்தை அவனோடு சேர்ந்து இழுக்கிறார்கள், வகுப்பே சிரிக்கிறது. ஜூன் மாதம் தொடங்கிய இந்த வழக்கத்தில் இப்போது அவனுக்குப் பட்டப்பெயரே அந்த எழுத்துதான். சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் திரும்பி வருகிறது. கழிப்பறைக்குள் அவர்கள் பின்தொடர்ந்து வருகிறார்கள் என்பதால் மாலை வரை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருகிறான். திங்கட்கிழமை காலையில் வயிறு வலிக்கிறது என்பான். நான் அதை நம்பி இரண்டு முறை மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

இரவு 8.11 – தம்பி
அக்கா, அந்த மூன்று பேரும் யார் என்று மட்டும் சொல்லுங்கள். திங்கட்கிழமை பள்ளி விடும் நேரத்தில் நான் வாசலில் நிற்கிறேன். இரண்டு தட்டுத் தட்டினால் பிறகு அவன் பக்கமே திரும்ப மாட்டார்கள்.

இரவு 8.13 – அம்மா
அதெல்லாம் வேண்டாம். பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாம். அத்தான், நீங்கள் சொன்னால் இவள் கேட்பாள்.

இரவு 8.26 – பெரியப்பா
தம்பி, நீ வாசலில் நிற்கும் அன்றே இது பிள்ளைகளின் விவகாரம் என்பது போய் இரண்டு வீடுகளின் சண்டையாகிவிடும். வலிமை உள்ளவன் வலிமை இல்லாதவனை அடக்கலாம் என்ற பாடத்தை நீயும் ஒரு முறை நடத்திக் காட்டியதாக ஆகும். பள்ளியை மாற்றுவது சில நேரங்களில் தவிர்க்க முடியாதது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பள்ளியிலும் வருகைப் பதிவு எடுப்பார்கள். மகளே, வகுப்பாசிரியரிடம் பேசினாயா? அவர் என்ன சொன்னார்?

இரவு 8.31 – நான்
பேசினேன், பெரியப்பா. பிள்ளைகள் விளையாட்டாகச் செய்வதைப் பெரிதாக்க வேண்டாம் என்று முதலில் சொன்னார். நான் மறுபடியும் போனபோது என் மகனையும் அந்த மூவரையும் ஆசிரியர் அறைக்கு அழைத்து, ஒருவரையொருவர் மன்னித்துக் கைகுலுக்கச் சொன்னார். அவர்கள் சிரித்துக்கொண்டே கைகுலுக்கினார்கள். மறுநாள் அந்தக் கைகுலுக்கலையும் நடித்துக் காட்டினார்கள்.

இரவு 8.48 – அத்தை
மருமகளே, அந்த இடத்தில்தான் பெரும்பாலான பள்ளிகள் தவறுகின்றன. நானும் ஆசிரியப் பணியின் முதல் பத்து ஆண்டுகளில் இதையேதான் செய்தேன், இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. சமமான இருவர் சண்டையிட்டால் சமாதானம் செய்து வைக்கலாம். ஒருவன் திரும்பத் திரும்ப, வேண்டுமென்றே, தன்னை எதிர்த்து நிற்க முடியாத இன்னொருவனை நோகடித்தால் அதைச் சண்டை என்று சொல்ல முடியாது. இந்த மூன்றையும் சேர்த்து இலக்கணம் வகுத்தவர் டான் ஓல்வேயஸ் என்ற உளவியலாளர். நார்வே நாட்டில் 1982ஆம் ஆண்டின் இறுதியில் மூன்று சிறுவர்கள் அடுத்தடுத்து உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமையே காரணமாக இருக்கக்கூடும் என்று தெரிந்ததும் நாடே அதிர்ந்தது. மறு ஆண்டே அரசு நாடு தழுவிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. பெர்கன் நகரத்துப் பள்ளிகளில் அவர் நடத்திய திட்டத்தில், கொடுமைக்கு ஆளாவதாகச் சொன்ன பிள்ளைகளின் எண்ணிக்கை இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அவர் கைகுலுக்க வைக்கவில்லை. இடைவேளையில் ஆசிரியர்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதில் தொடங்கினார். கழிப்பறைப் பக்கம், படிக்கட்டு, மைதானத்தின் மூலை என்று பெரியவர் கண் படாத இடங்களை முதலில் கண்டுபிடித்தார்கள்.

இரவு 9.02 – அண்ணன்
தங்கச்சி, நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். சென்ற ஆண்டு என் மகனைப் பற்றிப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. உன் மகனின் இடத்தில் அவன் இல்லை. அந்த மூன்று பேரின் இடத்தில் இருந்தான். குட்டையாக இருந்த ஒரு பையனை மாதக்கணக்கில் அழ வைத்திருக்கிறான். என் பிள்ளை அப்படிப்பட்டவன் அல்லன் என்று முதலில் வாதாடினேன். உண்மை என்று தெரிந்ததும் அன்றிரவு அவனை அடித்தேன். அதன்பிறகு வகுப்பறையில் எதுவும் நடக்கவில்லை. பள்ளி வேனில் நடந்தது.

இரவு 9.09 – அண்ணன்
ஏன் அப்படிச் செய்தாய் என்று கோபமில்லாமல் கேட்க எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின. ஐந்தாம் வகுப்பில், பழைய பள்ளியில், அவனையே அப்படி அழ வைத்திருக்கிறார்கள். நாங்கள் கவனிக்கவே இல்லை. புதிய பள்ளியில் முதலில் சிரிக்க வைப்பவனாக இருந்துவிட்டால் தன்னைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறான். இன்னொன்றையும் சொன்னான்: “நம் வீட்டு விசேஷங்களில் பெரியவர்கள் எல்லோரும் அப்படித்தானே கூப்பிடுகிறீர்கள்?” நிறத்தையும் உடம்பையும் வைத்து நாம் எத்தனை பேருக்குப் பெயர் வைத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தேன். அவனுக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

இரவு 9.15 – நான்
அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி. அந்த மூன்று பேரின் வீட்டிலும் உங்களைப் போல ஒருவர் இருப்பார் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

இரவு 9.34 – பெரியப்பா
மகன் எழுதியதைப் படித்தேன். அவன் சிறுவனாக இருந்தபோது நானும் கை ஓங்கியிருக்கிறேன், அதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் காயப்பட்டதால் காயப்படுத்துவதில்லை. உள்ளுக்குள் பயந்தவர்கள்தான் இப்படிச் செய்வார்கள் என்ற பொதுவான எண்ணத்தை ஓல்வேயஸின் ஆய்வுகள் உறுதி செய்யவில்லை. பலர் தன்னம்பிக்கையோடுதான் இருந்தார்கள். அவர்கள் வளர்ந்த சூழலில் அன்பின் குறைவு, எல்லையில்லாத இடங்கொடுத்தல், அடித்து அடக்குதல் ஆகியவை காணப்பட்டன. நம் மண்ணில் இவற்றோடு சாதியும் சேர்கிறது. நம் மாவட்டத்து நாங்குநேரியில் 2023 ஆகஸ்டு மாதம் நடந்ததை மறக்க முடியுமா? சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் ஒரு பட்டியல் சாதி மாணவன் பள்ளிக்கு வராமல் நின்றான். ஆசிரியர்கள் விசாரித்தபோது நடந்ததைச் சொன்னான். அதன்பின் இரவில் வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். ஒரு பிள்ளை பள்ளிக்கு வராமல் நிற்பதே முறையீடுதான் என்பதையும், சொன்ன பிள்ளையைக் காப்பாற்ற ஏற்பாடு இல்லாமல் அவனைச் சொல்ல வைப்பது ஆபத்து என்பதையும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியனாகிய நான் அன்று கற்றுக்கொண்டேன்.

இரவு 9.41 – பெரியப்பா
அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூன் மாதம் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைத் தடுப்பது பற்றித்தான் பலரும் பேசினார்கள். எனக்குப் பிடித்த பரிந்துரைகள் வேறு: மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைப்பது, ஐந்நூறு பேருக்கு மேல் படிக்கும் உயர்நிலைப் பள்ளிகளில் நல அலுவலர் ஒருவரை அமர்த்துவது. யார் யாரோடு உட்கார்ந்து கூட்டமாகிறார்கள் என்பதை ஆசிரியர் தீர்மானித்தால் பாதிப் பிரச்சினை முளைக்காது என்பது என் அனுபவம். உன் மகனின் வகுப்பில் அந்தப் பின்வரிசை எப்படி உருவானது என்று கேள்.

இரவு 9.55 – தம்பி
பெரியப்பா, நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒரு சந்தேகம். தொல்லை கொடுப்பவர்கள் மூன்று பேர்தான். மற்ற முப்பத்தைந்து பேர் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்?

இரவு 10.08 – அத்தை
நீ கேட்டதுதான் இதில் முக்கியமான கேள்வி. பின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவாலி என்ற ஆய்வாளர் அதைத்தான் கேட்டார். கொடுமை செய்பவனுக்குத் துணை போகிறவர்கள், சிரித்து ஊக்கம் தருகிறவர்கள், ஒதுங்கி நிற்கிறவர்கள், பாதிக்கப்பட்டவன் பக்கம் நிற்கிறவர்கள் என்று வகுப்பு முழுவதுமே இதில் பங்கு வகிப்பதை அவர் காட்டினார். சிரிப்புக் கிடைக்காத இடத்தில் இந்த வேடிக்கை நீடிப்பதில்லை. கனடாவில் விளையாட்டு மைதானங்களைப் படம்பிடித்துப் பார்த்த ஓர் ஆய்வில், வேடிக்கை பார்த்த பிள்ளை ஒன்று குறுக்கிட்டபோது பாதிக்கு மேற்பட்ட தருணங்களில் பத்து விநாடிக்குள் அது நின்றுவிட்டது. சால்மிவாலியின் குழு துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய கிவா திட்டத்தில், வகுப்பில் மதிப்புள்ள, இரக்கமுள்ள இரண்டு மூன்று பிள்ளைகளை ஆசிரியர் தனியாக அழைத்து, “இவனுக்கு இது கஷ்டமாக இருக்கிறது, நீங்கள் என்ன செய்யலாம்?” என்று கேட்பார். நான் இதை என் வகுப்பில் ஒரு முறை செய்தேன். அந்தப் பெண்கள் மூவரும் பெரிதாக எதையும் செய்யவில்லை; சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். அடுத்த வாரமே அவளுடைய டப்பா காலியாக வீட்டுக்குப் போனது.

இரவு 10.12 – அத்தை
வருகைப் பதிவுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஆசிரியர் பெயர் சொல்லும்போது எல்லோரும் கையை உயர்த்தினால் போதும் என்று மாற்றலாம். அவனுக்கு மட்டும் மாற்றினால் அது இன்னொரு முத்திரையாகிவிடும். வகுப்பு முழுவதற்கும் மாற்ற வேண்டும்.

இரவு 10.20 – பெரியப்பா
இவற்றையெல்லாம் தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடு, மகளே. தேதி, இடம், நடந்தது ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுது. பட்டப்பெயர், கழிப்பறை, கைகுலுக்கல் மூன்றும் இருக்கட்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளைகளை மன உளைச்சலுக்கு ஆளாக்குவதைத் தடை செய்கிறது என்பதையும் ஒரு வரியில் சேர். மூவருக்கும் தண்டனை கேட்காதே. இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும் என்று கேள். பதில் வராவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசு; பெற்றோர்களே அதில் பெரும்பான்மை. அவசரம் என்றால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது.

இரவு 10.24 – அம்மா
எல்லோரும் இவ்வளவு எழுதிவிட்டீர்கள். பிள்ளையிடம் யாராவது கேட்டீர்களா?

ஞாயிற்றுக்கிழமை

காலை 9.40 – நான்
அம்மா, நேற்று இரவே கேட்டேன். கடிதம் எழுதப் போகிறேன் என்றதும் முதலில் பயந்தான். அத்தை சொன்ன கை உயர்த்தும் யோசனையைச் சொன்னதும், எல்லோருக்கும் என்றால் சரி என்றான். வேறு பள்ளிக்குப் போக வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றான். கைப்பந்துக் குழுவில் இந்த ஆண்டுதான் இடம் கிடைத்திருக்கிறதாம். சிரிக்காதவர்கள் யாராவது இருக்கிறார்களா என்றும் கேட்டேன். வெகுநேரம் யோசித்தான். சன்னல் ஓரத்தில் உட்காரும் ஒரு பையன் இதுவரை ஒரு நாளும் சிரித்ததில்லை, அந்த நேரத்தில் தலையைக் குனிந்துகொள்வான் என்றான். அவன் பெயரைக் கடிதத்தில் எழுதவில்லை. நாளை வகுப்பாசிரியரை நேரில் பார்க்கும்போது சொல்கிறேன். பெரியப்பா, கடிதத்தின் படத்தை இன்னும் சிறிது நேரத்தில் அனுப்புகிறேன், பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.