விமானத்தை மாற்றினால் பயணியிடம் கேட்க வேண்டாமா?

கூடல்வாசி:
போன மாதம் சென்னையிலிருந்து மதுரைக்கு அப்பாவை அழைத்து வந்தேன். முழங்கால் அறுவை சிகிச்சை ஆனவர். காலை நீட்ட வேண்டுமே என்று ஏர்பஸ் ஏ320இல் முதல் வரிசைக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தேன். கேட்டுக்குப் போன பிறகுதான் ஏடிஆர் என்ற சின்ன விசிறி விமானம் போகிறது என்றார்கள். கிடைத்தது பதினாறாம் வரிசை. மேலே இடம் பத்தாது என்று கைப்பெட்டியையும் வாங்கிக்கொண்டார்கள், அதில்தான் அவருடைய மாத்திரைகள். நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் “வருகிறீர்களா, பணத்தைத் திருப்பித் தரட்டுமா” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

ஹேங்கர் கதிர்:
அண்ணே, நான் விமானப் பராமரிப்பில் இருக்கிறேன். ஏடிஆரில் ஏறுவது பின்கதவு வழியாக, அதனால் பதினாறாம் வரிசை என்றால் அப்பாவுக்கு நடை குறைவுதான். காலையில் ஒரு விமானத்தில் கோளாறு தெரிந்தால் ரத்து செய்ய வேண்டும், இல்லை கையில் இருப்பதை அனுப்ப வேண்டும். ஏ320க்குப் பதில் ஏ321 என்றால் அதே பைலட் ஓட்டலாம். ஏடிஆருக்கு அதற்கென டைப் ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டும் தனித் தகுதி, உள்ளவர் வேண்டும், அவரையும் தேடிப் பிடித்துத்தான் அனுப்புகிறார்கள். 2018இல் போயிங் 787இன் ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின் சிக்கலால் விமானம் போதாமல், நார்வீஜியன் நிறுவனம் லண்டன்–நியூயார்க் தடத்துக்கு ஏ380 என்ற பிரம்மாண்ட இரண்டடுக்கு விமானத்தையே வாடகைக்கு எடுத்தது. ரத்தானால் உங்கள் அப்பா அன்று வீடு வந்து சேர்ந்திருப்பாரா?

சித்ரா_திருச்சி:
கதிர், எல்லோரும் வந்து சேர்ந்ததுபோலப் பேசுகிறீர்கள். ஏ320இல் 180 பேருக்கு மேல் உட்காரலாம், ஏடிஆரில் 78 பேர்தான். விமானம் நிறைந்திருந்தால் நூறு பேர் வெளியே நிற்பார்கள். சரி, அவர்களுக்காவது இழப்பீட்டு விதி இருக்கிறது. பிசினஸ் வகுப்பிலிருந்து கீழே இறக்கினாலும், உள்நாட்டுப் பயணத்தில் வரியோடு சேர்த்து டிக்கெட் விலையில் 75 சதவீதத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 2023 பிப்ரவரியிலிருந்து டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பு) விதி உண்டு. எகானமிக்குள்ளேயே விமானம் மாறினால் அந்த விதி பொருந்தாது. அமெரிக்காவில் 2024இல் வகுத்த விதி வேறு மாதிரி. மாற்றிக் கொடுத்த விமானம் மாற்றுத்திறனாளிக்கு வசதி குறைந்ததாக இருந்தால், அவர் பயணத்தை மறுத்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம்.

ஹேங்கர் கதிர்:
விதி நல்லதுதான் அக்கா. ஆனால் கேட்டில் நின்று ஒருவர் வரமாட்டேன் என்றால், அவர் பெட்டியைத் தேடி இறக்காமல் விமானத்தை எடுக்க முடியாது. பத்துப் பேர் அப்படிச் சொன்னால் மற்றவர்களின் கதி?

கூடல்வாசி:
அதனால்தான் கேட்டுக்கு வரும்முன் சொல்லுங்கள் என்கிறேன் தம்பி. ஏடிஆர் பைலட்டைத் தேடிக் கூப்பிட நேரம் இருந்தது அல்லவா? அப்போதே பயணிக்கும் ஒரு குறுஞ்செய்தி போயிருந்தால் மாத்திரைகளை எடுத்துச் சட்டைப்பையில் வைத்திருப்பேன்.

ஹேங்கர் கதிர்:
குறுஞ்செய்தி விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன், அது கட்டாயம் போக வேண்டும். கடைசி நேரத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.