கரிசல் மண், 60 வருஷ வீடு, ஒரு மூலை இறங்குது: எந்த காண்ட்ராக்டர் சொல்றது சரி?

வீட்டுக்காரர்:
கோவில்பட்டி பக்கம், சுத்தக் கரிசல். 1964இல் கட்டிய வீடு. கருங்கல் கடைக்கால் மூன்றரை அடி, மேலே சுண்ணாம்புச் சாந்தில் செங்கல் சுவர், மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிய கூரை). தென்கிழக்கு அறை ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி விரிசல். மேலே விரல் நுழையும், கீழே மயிரிழைதான். குளியலறைத் தண்ணீர் அந்த மூலையில்தான் வெளியேறுகிறது. 12 அடி தள்ளி ஒரு வேம்பு நிற்கிறது. ஒருவர் சிமெண்ட் பால் ஏற்றிப் பூசினால் போதும் என்கிறார். இன்னொருவர் கடைக்காலை ஒட்டி வெளியே சுற்றிக் கான்கிரீட் பட்டை, அதாவது பெல்ட் கான்கிரீட் என்கிறார். மூன்றாமவர் அடியில் தோண்டிக் கான்கிரீட் கொடுக்கணும் என்கிறார். ரேட் மூன்றும் எங்கெங்கோ நிற்கிறது. யாரிடம் கொடுக்கலாம்?

தூக்குக்குண்டு:
இப்போதைக்கு யாரிடமும் கொடுக்காதீங்க. மூலையில் குழி போட்டுப் பார்க்காமல் ரேட் சொன்னவர் யாராக இருந்தாலும் அது குத்துமதிப்புதான். கடைக்காலை ஒட்டி 3க்கு 3 அடியில் ஒரு குழி எடுத்து, கல் கட்டு எங்கே முடிகிறது, கரிசல் எத்தனை அடி போகிறது, சுக்கான் (கரிசலுக்கு அடியில் வரும் கெட்டிச் சுண்ணாம்புக் கல்) எங்கே தட்டுகிறது என்று பாருங்க. 7, 8 அடிக்குள் சுக்கானோ கெட்டியான சரளையோ கிடைத்தால் மூன்றாமவர் சொல்வது நடக்கும். பத்தடியைத் தாண்டியும் கரிசல்தான் என்றால் அண்டர் ரீம்டு பைல் (அடியில் குமிழ் போல விரியும் கான்கிரீட் தூண்) பக்கம் போகணும். அதற்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வரைபடம் வேண்டும், மேஸ்திரி கணக்கு போதாது.

மேலே அகலம், கீழே ஒடுக்கம் என்றால் மூலை வெளிப்பக்கமாகச் சாய்ந்து இறங்குகிறது என்று அர்த்தம். இன்னும் இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. விரிசலுக்கு இருபுறமும் ஒரு ஆணி அடித்து, இடைவெளியை மாதம் ஒருமுறை வெர்னியரில் (நுணுக்கமாக அளக்கும் அளவுகோல்) அளந்து சுவரிலேயே தேதியோடு எழுதுங்க. சித்திரை, வைகாசியில் விரிந்து கார்த்திகை மழையில் சுருங்கினால் மண் மூச்சு விடுகிறது, அதாவது காய்ந்தால் சுருங்கி நனைந்தால் உப்புகிறது. எந்தக் காலத்திலும் விரிந்துகொண்டே போனால் அடியில் தண்ணீர் அரிக்கிறது. கண்ணாடித் துண்டு ஒட்டுவார்கள். அது உடைந்தால் அசைந்தது தெரியும், எவ்வளவு என்று தெரியாது.

சைட் இன்ஜினியர்:
தண்ணீரை முதலில் நிறுத்துங்க. குளியலறைக் குழாயின் கீழ்முனையை அடைத்து மேலே வரை நிரப்பி, ஒரு மணி நேரத்தில் மட்டம் இறங்குகிறதா பாருங்க. இறங்கினால் குழாயை மாற்றி, சுவரிலிருந்து பத்தடிக்கு அப்பால் விடுங்க. பல வீடுகளில் இதற்கு மேல் வேலையே இருக்காது. அதைச் சொன்னால் காண்ட்ராக்டருக்கு வருமானம் ஏது!

சிமெண்ட் பால் விரிசலைத்தான் மூடும், மூலையைத் தாங்காது. வெளியே ஒட்டி ஓடும் பெல்ட்டும் அப்படித்தான். கல் கட்டுக்குக் குறுக்கே பீம் ஊடுருவி இரண்டையும் பிணைக்காவிட்டால் சுவர் பாரம் அதற்கு வராது. மண் இறங்கினால் பெல்ட்டும் கூடவே இறங்கும்.

வீட்டுக்காரர்:
குழி போட்டாச்சு சார், ஆறரை அடியில் சுக்கான் தட்டுது. பாதித்த சுவர் 20 அடி நீளம். வேலை எப்படிப் போகணும், ஒப்பந்தத்தில் என்ன எழுதணும்? வேம்பை வெட்டிடலாமா?

சைட் இன்ஜினியர்:
சுவரை 4 அடி வீதம் 5 பங்காகப் பிரிங்க. முதலில் 1, 4, அடுத்து 2, 5, கடைசியில் 3. பக்கத்துப் பக்கத்துக் குழி ஒரே நேரத்தில் திறந்திருக்கவே கூடாது. மொத்தமாகத் தோண்டுகிறேன், வேலை சீக்கிரம் முடியும் என்பவரை அப்படியே அனுப்பிடுங்க, சுவர் இடிந்து வந்துவிடும். அஞ்சடிக்குக் கீழே பலகை முட்டு இல்லாமல் ஆள் இறங்கக் கூடாது. வெடித்த கரிசல் பாளம் பாளமாகச் சரியும். கூரை மரக்கட்டைகளுக்குக் குறுக்கே சட்டம் வைத்து உள்ளே ஜாக்கி கொடுத்த பிறகுதான் முதல் மண்வெட்டி.

ஒரு குழிக்கு 4 அடி நீளம், இரண்டரை அடி அகலம், கிட்டத்தட்ட 3 அடி உயரம், ஆக 30 கன அடி வரை எம்20 தரக் கான்கிரீட். ஏழு மூட்டை சிமெண்ட் பிடிக்கும். ஐந்துக்கும் 35 மூட்டை, ஜல்லி ஒன்றேகால் யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி), எம்-சாண்ட் முக்கால் யூனிட். பழைய கல்லுக்கும் புதுக் கான்கிரீட்டுக்கும் நடுவில் 3 அங்குலம் விட்டு, மறுநாள் சிமெண்ட், மணல் 1:3 கலவையை, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரத்தில், கட்டை வைத்து இடித்துத் திணிக்கணும். கான்கிரீட் காயும்போது சுருங்கும் என்பதால் இந்தத் திணிப்புதான் பாரத்தைக் கீழே இறக்குகிறது. பெரும்பாலும் இங்கேதான் ஏமாற்றுவார்கள். திணித்து 3 நாள் கழித்து அடுத்த குழி.

வேம்பை வெட்டாதீங்க. இத்தனை வருஷம் உறிஞ்சிய ஈரம் மண்ணுக்குத் திரும்பி, அந்தப் பக்கம் உப்பித் தூக்கும். கிளையைக் கழித்து அளவாக வைத்திருங்க.

தூக்குக்குண்டு:
ஒப்பந்தத்தில் "அஸ்திவார ரிப்பேர், மொத்தம் இவ்வளவு" என்று ஒரே வரி வேண்டாம். மண் வெட்டு, கான்கிரீட் கன அடி ரேட்டில் தனித்தனியாக. முட்டு, ஜாக்கி தனி வரி. சுக்கான் ஓரிடத்தில் 8 அடிக்குப் போனால் கூடுதலுக்கு அதே ரேட் என்று எழுதிக்கோங்க. அட்வான்ஸ் பத்து சதவீதம், பிறகு குழி முடிய முடியப் பணம். அடியில் டேப் வைத்துப் போட்டோ எடுக்காமல் கான்கிரீட் கொட்டக் கூடாது. கடைசிப் பத்து சதவீதத்தைப் பிடித்து வைத்து, ஐப்பசி, கார்த்திகை மழை தாண்டித் தை மாதம் கொடுங்க.

குழியைக் கிராவல் போட்டு ஆறு அங்குல அடுக்காக இடித்து மூடணும். வெறும் மணல் போட்டால் அது தண்ணீர் தேங்கும் கிணறு. மேலே சுவரை ஒட்டி 3 அடி அகலத்துக்கு வாட்டத்தோடு கான்கிரீட் தளம்.

விரிசலை உடனே பூசாதீங்க, ஒரு மழையும் ஒரு கோடையும் போகட்டும். பிறகு ஒரு அடிக்கு ஒரு வரிசை, செங்கல் இணைப்பில் 8 மில்லி கம்பி, விரிசலுக்கு இருபுறமும் 2 அடி வரும்படி புதைத்துச் சிமெண்ட், சுண்ணாம்பு, மணல் 1:1:6 கலவையில் அடைக்கலாம். சுண்ணாம்புச் சுவரில் 1:3 சிமெண்ட் வைத்தால் பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும்.